மாமல்லபுரத்தில் இரண்டு இரவு: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாமல்லபுரத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அங்கே இரவு தங்கிய குடும்பம் அதைவிடக் குறைவு. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை, வெளியூர் உறவினர் வந்தபோது ஒரு தடவை, புதுச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு தடவை என்று போய்வந்திருப்போம். எல்லாத் தடவையும் காலை பதினொரு மணிக்கு இறங்கி, மாலை நான்கு மணிக்குப் பஸ் ஏறியிருப்போம். பாறையும் மணலும் கொதிக்கிற ஐந்து மணி நேரத்தைத் தேடிப்பிடித்து ஊரைப் பார்த்துவிட்டு, 'ஒரே வெயில்' என்று சொல்லிக்கொண்டு திரும்பியிருப்போம்.

என் மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, நண்பகல், ஐந்து ரதம். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் ஓடிய குழந்தை, பாதி வழியில் நகர முடியாமல் நின்று அழுதான். கல் யானையின் சிறு நிழலில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்தில்தான், ஊரை வெயில் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அதன் பிறகு நான்கு முறை போய் வந்திருக்கிறோம், என் மாமியாரோடும் சேர்த்து. இரண்டு இரவு தங்குங்கள். காலையும் மாலையும் ஊருக்கு, நண்பகல் தூக்கத்துக்கு. இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

முதல் படி: யார் யார் வருகிறார்கள்?

எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயருக்கு எதிரே இரண்டே விஷயம்: எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை மணிக்குப் பசிக்கும். முழங்கால் வலியுள்ள பாட்டி அரை கிலோமீட்டர் நடப்பார். மூன்று வயதுக் குழந்தை தன் காலால் கால் கிலோமீட்டர், மீதி உங்கள் தோளில். பதினான்கு வயது மகள் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பாள், ஆனால் காலை ஆறு மணிக்கு எழ மாட்டாள்.

குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரின் நடைதான் பயணத்தின் நடை. இதை ஒப்புக்கொண்டு திட்டமிட்டால் சண்டை பாதியாகக் குறையும். எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிடுங்கள். பாறைக்குன்றின் மேல் இளையவர்கள் ஏறும்போது, பாட்டியும் ஒரு பெரியவரும் கீழே மரநிழலில் உட்கார்ந்திருக்கலாம். யார் எப்போது கீழே இருப்பது என்பதை வீட்டிலேயே முறைபோட்டுப் பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால், எல்லா முறையும் அது அம்மாவின் தலையில் வந்து விழும்.

இரண்டாம் படி: மாதமும் கிழமையும்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால் கடற்கரைப் பக்கமே போக முடியாது. மார்ச்சில் சமாளிக்கலாம். அக்னி நட்சத்திரம் நடக்கும் மே மாதத்தில் சிறு குழந்தையோடும் வயதானவர்களோடும் போகாதீர்கள். பள்ளி விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது என்பது தெரியும். வேறு வழியே இல்லை என்றால் காலை ஆறு முதல் எட்டரை வரை, மாலை நாலரைக்குப் பிறகு என்று நேரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

நல்ல காலத்திலும் தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. காணும் பொங்கலன்று ஊரே மனிதத் தலைகளாக இருக்கும். கைக்குழந்தையோடு போகிற நாள் அல்ல அது. புத்தாண்டை ஒட்டிய மூன்று நாட்களும் அப்படியே. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம். அன்றும், பாரம்பரிய வாரம் தொடங்கும் நவம்பர் 19 அன்றும் வழக்கமாக நுழைவு இலவசம். அதனாலேயே கூட்டம் கூடும். டிசம்பர் இறுதியில் தொடங்கும் நாட்டிய விழா ஜனவரி வரை நடக்கும். ஆட்டத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் அதற்காகவே தேதியைப் பொருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசி மகத்தை ஒட்டிய பௌர்ணமியில் இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து வந்து, கடற்கரை மணலில் புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். விடியற்காலையில் கடலோரத்திலேயே திருமணங்களும் நடக்கும். அந்தச் சமயம் போக நேர்ந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால் தள்ளி நின்று. ஒரு குடும்பத்தின் வழிபாட்டில் கேமராவை நீட்டுவது தவறு என்பதை அங்கேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

கிழமை என்று பார்த்தால், ஞாயிறு மாலை போய்ச் செவ்வாய் கிளம்புவதுதான் என் தேர்வு. எல்லோரும் திரும்பும்போது நீங்கள் நுழைகிறீர்கள். அறை வாடகையும் பெரும்பாலும் குறைந்திருக்கும். திங்கள் காலையில் கடற்கரைக் கோயிலில் உங்களோடு இருபது பேர்தான் இருப்பார்கள்.

மூன்றாம் படி: அறை

தங்குமிடம் மூன்று வகை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நீச்சல்குளத்தோடு இருக்கும் பெரிய விடுதிகள், ஊருக்குள் பஸ் நிலையத்தைச் சுற்றியும் ஒத்தவாடைத் தெருவிலும் உள்ள சிறிய லாட்ஜுகள், நடுத்தரமாகச் சில. குழந்தைகள் நீச்சல்குளத்தை விரும்புவார்கள் என்பதால் பலரும் முதல் வகைக்குப் போகிறார்கள். ஆனால் அவற்றில் பல ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. காலையில் ஒரு தடவை, நண்பகலில் அறைக்குத் திரும்ப ஒரு தடவை, மாலையில் மறுபடி ஒரு தடவை என்று ஆட்டோவையோ காரையோ நம்பியிருக்க வேண்டும். சொந்தக் கார் இருந்தால் சிரமமில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் ஊருக்குள்ளேயே தங்குவது நல்லது. நண்பகலில் பத்து நிமிடத்தில் படுக்கைக்குப் போக முடிவது, எந்த நீச்சல்குளத்தையும்விடப் பெரிய வசதி.

முன்பதிவு செய்வதற்கு முன் போனில் பேசிக் கேளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் படங்கள் இதைச் சொல்லாது: தரைத்தள அறை உண்டா, லிஃப்ட் இன்று ஓடுகிறதா, கூடுதல் படுக்கை என்றால் கட்டிலா தரையில் மெத்தையா, எத்தனை வயது வரை குழந்தைக்குக் கட்டணம் இல்லை, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், அந்தத் தேதியில் விடுதியில் கல்யாணம் எதுவும் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். கடலோர விடுதிகளில் திருமணம் வைப்பது இப்போது பெருகிவிட்டது, பாட்டு இரவு வெகுநேரம் ஓடும். லிஃப்ட் கேள்வியும் அனுபவத்தில் வந்ததுதான். ஒரு விடுதியில் 'லிஃப்ட் இருக்கிறது' என்று சொன்னார்கள், உண்மையில் இருந்தது, ஆனால் பல நாளாகப் பழுது. என் மாமியார் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மூன்றாவது மாடி ஏறினார். 'இருக்கிறதா' என்பதோடு 'ஓடுகிறதா' என்றும் கேட்க வேண்டும்.

பெரியவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை தேவைப்படும். பாட்டியின் ஆதாரை எடுத்தாயிற்றா என்று கிளம்பும்முன் பாருங்கள்.

நான்காம் படி: போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 55 கிலோமீட்டர். திருவான்மியூர், தாம்பரம் போன்ற இடங்களிலிருந்து பஸ் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. செங்கல்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். உங்கள் ரயில் செங்கல்பட்டில் நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிப் பக்கமிருந்து சுமார் 95 கிலோமீட்டர். இதில் ஒரு சிறு கவனம் தேவை. கடற்கரைச் சாலையில் நேராகப் போகும் பஸ்கள் பல ஊருக்குள் வராமல் புறவழிச்சாலைச் சந்திப்பிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஊர் ஒரு கிலோமீட்டருக்கு மேல். பெட்டியும் குழந்தையுமாக நண்பகலில் அந்தத் தூரத்தை நடக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். காரில் வருகிறவர்கள் சுங்கச்சாவடி, ஊருக்குள் வாகன நுழைவு, பார்க்கிங் ஆகியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் கொடுக்க நேரும் என்பதால் சில்லறை வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: பை

எல்லோருக்கும் தொப்பி. எல்லோருக்கும் காலோடு ஒட்டி நிற்கும் செருப்பு: பாறைச் சரிவில் ரப்பர் செருப்பு வழுக்கும், வெறுங்கால் பொசுங்கும். ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு பழைய பருத்தித் துண்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமான மருந்துகள். ஒரு சின்ன டார்ச் விளக்கும் வேண்டும். ஏன் என்று கீழே வரும். தின்பண்டங்களைப் பாலித்தீன் பையில் கையில் தொங்கவிடாமல் மூடிய பைக்குள் வையுங்கள், குன்றின் மேல் குரங்குகள் உண்டு. சிறு குழந்தையின் முன்கையில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். கடற்கரைக் கூட்டத்தில் இதைவிட எளிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் படி: கடலைப் பற்றி வீட்டிலேயே பேசுங்கள்

இதைப் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் கிளம்பும்முன் பேச வேண்டும். மாமல்லபுரத்துக் கடல் பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் இறங்கிக் குளிக்கிற கடல் அல்ல. கரை சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு, பாறைகள் உண்டு, உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. நீச்சல் தெரிந்த கல்லூரி மாணவர்களே இங்கே உயிரிழந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு விதி இது: முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது, குழந்தை தண்ணீரில் நிற்கும்போது ஒரு பெரியவர் அதன் கையைப் பிடித்திருக்க வேண்டும், கரையில் நின்று பார்த்தால் போதாது, பிடித்திருப்பவர் கையில் போன் இருக்கக்கூடாது. இருட்டிய பிறகு தண்ணீர்ப் பக்கமே கிடையாது. யாராவது இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து விலகித்தான் கரையேற வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரு உயிர் போகிற இடத்தில் இரண்டு போகிறது. கயிறோ மிதக்கும் பொருளோ வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள், அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

முதல் நாள்: சும்மா இருங்கள்

மதியத்துக்குமேல் போய்ச் சேர்ந்து, அறையில் படுத்து, ஐந்து மணிக்குக் கடற்கரை. ஒரு சிற்பமும் பார்க்க வேண்டாம். மணலில் வீடு கட்டட்டும், காலை நனைக்கட்டும். மீன்பிடிப் படகுகள் கரையேறி நிற்கும் இடத்தில் வலை பின்னுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்று சொல்கிறேன். கடலோரச் சிறு உணவகங்களில் பச்சை மீனைத் தட்டில் வைத்துக் காட்டி, நீங்கள் தேர்ந்தெடுத்ததைச் சமைத்துத் தருவார்கள். சுவையில் குறை இருக்காது. ஆனால் எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்பதை அடுப்பில் ஏறும்முன் கேட்டுவிடுங்கள். காரம் குறைத்துக் குழந்தைக்கு ஒரு துண்டு தனியாக வறுக்கச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பஸ் நிலையத்தைச் சுற்றி இட்லி, தோசைக் கடைகள் உண்டு. ஒன்பதரைக்குள் விளக்கை அணையுங்கள்.

இரண்டாம் நாள்: டிக்கெட்டும் வெயிலும்

மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. இவற்றைப் பராமரிக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். பெரியவர்கள் நான்கு பேர், குழந்தைகள் இரண்டு பேர் என்றால் 160 ரூபாய். ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கும் குன்று எல்லாம் பார்க்கலாம். ஆனால் அது அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான். அதனால் டிக்கெட் தேவைப்படும் மூன்றையும் இரண்டாம் நாளுக்குள் அடக்குங்கள். காலை டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள், மாலையிலும் அதுதான்.

*காலை ஆறு மணி, கடற்கரைக் கோயில்.* வாசல் ஆறுக்குத் திறக்கும். ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் ஆறரைக்குத்தான் எழும். கோயிலின் பெரிய சன்னதி கிழக்கே கடலைப் பார்த்தது, முதல் வெளிச்சம் நேராக அதன்மேல்தான் விழும். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஊரில் உள்ள மற்ற பலவற்றைப்போல் பாறையைக் குடைந்ததல்ல, கல்லை அடுக்கி எழுப்பிய கோயில். இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே, பாறையிலேயே செதுக்கிய திருமால் பள்ளிகொண்டிருக்கிறார்.

சுவர்ச் சிற்பங்களின் முகங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு உப்புக்காற்று மூக்கையும் கண்ணையும் தேய்த்து, வாயில் கரைந்த கற்கண்டுபோல் ஆக்கியிருக்கிறது. மதில்மேல் வரிசையாக அமர்ந்த நந்திகளைப் பிள்ளைகள் எண்ணட்டும். வெளியே ஒரு கல் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அதன் நெஞ்சில் ஒரு சதுரப் பள்ளம். அதற்குள் சின்னஞ்சிறு துர்க்கை இருக்கிறாள். டார்ச் விளக்கு இங்கேதான் முதலில் உதவும்.

*எட்டு முதல் பத்து, குன்று.* காலை உணவை முடித்துவிட்டு வெண்ணெய் உருண்டைப் பக்கம் வாருங்கள். வான் இறைக்கல் என்றும் சொல்லும் இந்தப் பாறை சுமார் 250 டன் எடை இருக்கும் என்பது கணிப்பு. வழுக்குச் சரிவில், உருண்டுவிடும் என்று தோன்றும்படி நிற்கிறது. எல்லோரும் அதைத் தாங்குவதுபோல் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். ஆனால் அந்தச் சரிவு பலர் சறுக்கிச் சறுக்கி மழமழவென்று ஆகியிருக்கிறது. கீழே வேகமாக வந்து சேர்கிற குழந்தையைப் பிடிக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் கணேச ரதம், வராக மண்டபம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். குழந்தைகளோடு என்றால் நான் வராக மண்டபத்தையும் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வேன். இரண்டாவதில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு காட்சிகள்: ஒரு பக்கம் துர்க்கை சிங்கத்தின்மேல் வில்லோடு பாய்கிறாள், எருமைத்தலை அசுரன் பின்வாங்கிச் சாய்கிறான், மறுபக்கம் திருமால் பாம்பணையில் அசையாமல் படுத்திருக்கிறார். ஒரு சுவர் முழுக்கச் சத்தம், எதிர்ச்சுவர் முழுக்க அமைதி. உள்ளே இருட்டாக இருக்கும் என்பதால் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள், உருவங்கள் கல்லிலிருந்து எழுந்துவரும். பக்கத்திலேயே கலங்கரை விளக்கம் இருக்கிறது. திறந்திருந்தால், படி ஏற முடிந்தவர்கள் ஏறி ஊரையும் கடலையும் ஒருசேரப் பார்க்கலாம்.

வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதானால் இந்தக் குன்றுக்கு அமர்த்துங்கள். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

*பத்தரை முதல் மூன்றரை.* அறை. குளியல், சாப்பாடு, தூக்கம். இந்த ஐந்து மணி நேரத்தை வீணடித்ததாக நினைத்து யாராவது 'இன்னொரு இடம் பார்த்துவிடலாமே' என்று கிளப்புவார்கள். கேட்காதீர்கள்.

*மாலை நான்கு மணி, ஐந்து ரதம்.* இங்கே மாலையில்தான் போக வேண்டும் என்பதற்கு வெயில் தணிவது மட்டும் காரணமல்ல. ஐந்தில் நான்கு ரதங்கள் மேற்குப் பார்த்தவை. சாயும் சூரியன் அவற்றின் முகத்தில் நேராக விழும்போது கல் செம்பொன் நிறமாகும். மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலத்தில் தொடங்கிய வேலை என்பது பரவலான கருத்து. மேலிருந்து கீழாகப் பாறையைச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள், ஐந்துமே முழுமையாக முடியாமல் நின்றுவிட்டன. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் வைத்தவை.

பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: ஒவ்வொரு ரதத்தின் கூரையும் எதைப் பார்த்துச் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். திரௌபதி ரதம் ஓலைக்குடிசை. அதை உடனே சொல்லிவிடுவார்கள். பீம ரதத்தைப் பார்த்து என் மகன் 'வண்டிக்கூடு' என்றான், அதுவும் சரி. கடினமானது நகுல சகாதேவ ரதம். அதன் பின்புறம் வளைவாக இருக்கும். இந்த வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். ரதத்தின் பக்கத்திலேயே ஒரு முழு யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளை யானையின் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, யானையின் முதுகையும் ரதத்தின் முதுகையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்தச் சிற்பி. என் மகன் அழுதுகொண்டு நின்ற நிழலும் இந்த யானையுடையதுதான். இரண்டாம் தடவை வந்தபோது அவனே இதைக் கண்டுபிடித்தான்.

ஆறு மணிக்கு மூடுவார்கள். அருகிலுள்ள தெருக்களில் சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன, வெளியே வரும்போது உளிச்சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாங்குகிறவர்கள் கருங்கல்லா மாவுக்கல்லா என்று கேட்டு வாங்குங்கள். மாவுக்கல் மென்மையானது, சாவியால் கீறினால் கோடு விழும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். கருங்கல்லில் அப்படிக் கீற முடியாது. பிள்ளைகள் தங்கள் காசில் ஒரு சிறிய மாவுக்கல் ஆமை வாங்கினால் போதும். பவளப்பாறைத் துண்டு எதையும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மூன்றாம் நாள்: ஒரே ஒரு பாறை

ஏழு மணிக்கு அருச்சுனன் தபசு. தெருவோரத்திலேயே இருப்பதால் டிக்கெட் வேண்டியதில்லை. இதுவும் கிழக்குப் பார்த்த பாறை, காலைச் சூரியன்தான் இதற்கு விளக்கு. சுமார் 30 மீட்டர் நீளம். நடுவே இயற்கையான ஒரு பிளவு, அதில் நாகங்கள். தவம் செய்பவர் அருச்சுனன் என்கிறார்கள் சிலர், கங்கையை இறக்கும் பகீரதன் என்கிறார்கள் சிலர். இரண்டு கதையையும் முந்தைய இரவே படுக்கையில் சொல்லிவிட்டு, காலையில் பிள்ளைகளே எந்தக் கதை என்று முடிவு செய்யட்டும்.

இங்கே முழுதாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தேடச் சொல்லிக் கொடுக்க என் பட்டியல்: பெரிய யானைக்கு அருகே பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனை, அதை நம்பிக் கும்பிடும் எலிகள், யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிற மான். மேலே எலும்பும் தோலுமாக ஒற்றைக்காலில் நிற்கிற முனிவரின் தவத்தைக் கீழே பூனை நடித்துக் காட்டுகிறது என்பதை ஆறு வயதுக் குழந்தை தானாகப் பிடித்துக்கொள்ளும். உட்கார இடம் இருக்கிறது, பாட்டிக்கும் அவசரம் இல்லை.

பக்கத்தில் கிருஷ்ண மண்டபம். அங்கே பால் கறக்கும் ஆயரையும், கறக்கவிட்டபடியே தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும் பசுவையும் பார்க்காமல் வராதீர்கள். என் மாமியார் மாடு வளர்த்தவர். அந்தப் பசுவின் முன்னால் அவர் நின்ற நேரம் வேறெங்கும் நிற்கவில்லை. "கன்னுக்குட்டிய நக்க விட்டாத்தான் பால் இறங்கும், இது தெரிஞ்சவன்தான் செதுக்கியிருக்கான்" என்றார். எந்த வழிகாட்டியும் எங்களுக்குச் சொல்லாத விளக்கம் அது. எதிரே நடக்கும் தூரத்தில் 108 திவ்யதேசங்களில் ஒன்றான தலசயனப் பெருமாள் கோயில். பூதத்தாழ்வார் அவதரித்த ஊர் இது. நண்பகலில் நடை சாத்துவதால் இப்போதே தரிசனம் முடித்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்குள் அறையைக் காலி செய்யுங்கள். சென்னைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு வழியில் ஒரே ஒரு நிறுத்தம் போதும். சுமார் 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை வருகிறது. மேடையைச் சுற்றி யாளித் தலைகள், மர நிழல். 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட பழைய முருகன் கோயிலின் அடித்தளமும் அருகில்தான். அடுத்தது வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, திங்கட்கிழமை விடுமுறை. அதற்கும் அப்பால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, செவ்வாய்க்கிழமை விடுமுறை. நான் சொன்னபடி ஞாயிறு வந்து செவ்வாய் கிளம்பினால் முதலைப் பண்ணைதான் உங்களுக்கு. சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு அதுவே பொருத்தம். முதலைகள் அசையாமல் கிடக்கும். மூன்று நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் ஒன்று வாயைத் திறக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் அங்கிருந்து கிளம்பிவிட்டால், குழந்தைகள் சென்னை வரும்வரை தூங்கிக்கொண்டே வருவார்கள்.